எல்லாம் கனவு என்று கதையை முடிக்கலாமா?

புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி தாம் எழுதிய சிறுகதையோடு ஒரு கேள்வியும் அனுப்பியிருக்கிறார். கதை இதுதான். வேலை முடிந்து கடலூருக்குப் பஸ் ஏறுகிறாள் ஒரு பெண். அரியாங்குப்பத்தில் ஒரு பெரியவர் ஏறி அவள் பக்கத்தில் உட்காருகிறார். ஆறு மாதத்துக்கு முன் இறந்துபோன அவளுடைய அப்பா. இருவரும் பேசிக்கொண்டே வருகிறார்கள். கடைசியில் நடத்துநர் வந்து, "கடலூர் வந்துவிட்டது, இறங்கம்மா" என்று எழுப்புகிறார். பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. நடந்தது அத்தனையும் கனவு.

ஒரு போட்டிக்கு அனுப்பிய இந்தக் கதை, "கனவு முடிவு, தவிர்க்கவும்" என்ற ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. அவர் கேட்கிறார்: "அப்படி முடிக்கவே கூடாது என்று விதி இருக்கிறதா? பாரதியே குயில் பாட்டை அப்படித்தானே முடித்தார்?"

விதி எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குறிப்பை எழுதியவர் ஏன் அப்படி எழுதினார் என்பது எனக்குப் புரிகிறது. கடலூரில் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தேன். பள்ளி ஆண்டு மலருக்கு வரும் கதைக்கட்டைப் பிரித்தால் ஒவ்வொரு முறையும் சில கதைகளில் கடைசி வரியில் அம்மா வந்து எழுப்பிவிடுவாள். "டேய், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது." நானும் பல ஆண்டுகள் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்.

கதை என்பதே கட்டிச் சொன்னது என்று தெரிந்துதானே படிக்கிறோம்? கட்டுக்கதையை ஏற்றுக்கொள்கிற வாசகருக்குக் கனவு என்றதும் மட்டும் ஏன் கசக்கிறது? நான் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். கதைக்குள் ஒருவன் செத்தால் அவன் செத்தவன்தான். வீடு போனால் போனதுதான். அந்த இழப்பை நம்பித்தான் வாசகர் கண்ணீர் விடுகிறார். எல்லாம் கனவு என்று சொல்லும்போது செத்தவன் எழுந்து பல் துலக்கப் போகிறான், செய்த பாவம் செய்யாத பாவம் ஆகிறது, பட்ட கடன் படாத கடன் ஆகிறது. அழுதவர் மட்டும் அழுதபடி நிற்கிறார். கனவில் கண்ட பணம் கடனுக்கு உதவாது என்பார்கள். வாசகரின் நிலையும் அதுதான்.

இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 'டல்லாஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் பாபி என்ற பாத்திரம் இறந்துவிட்டது. அதில் நடித்தவர் திரும்பி வர இசைந்ததும், 1986-ல் அந்தப் பாத்திரத்தைக் குளியலறையிலிருந்து உயிரோடு வெளியே வரவைத்தார்கள். அவன் சாவும், அதன்பின் ஒரு பருவம் முழுக்க நடந்ததும் அவன் மனைவி கண்ட கனவாயின. ஓர் ஆண்டாக வாரம் தவறாமல் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆஸ் மந்திரவாதியின் கதையை இன்னும் பயனுள்ள உதாரணமாகச் சொல்வேன். 1900-ல் வெளிவந்த புத்தகத்தில், சூறாவளி டோரதி என்ற சிறுமியின் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. அவள் அந்த விந்தை நாட்டில் அலைந்துவிட்டுத் திரும்பும்போது, போன வீட்டுக்குப் பதிலாக மாமா புதிதாக ஒரு வீடு கட்டியிருக்கிறார். புயல் நடந்தது, வீடு போனது, நாள்கள் கழிந்தன. 1939-ல் வந்த திரைப்படத்தில் அவள் அதே பழைய வீட்டில் படுக்கையில் கண் விழிக்கிறாள். படம் உலகம் முழுக்கக் கொண்டாடப்பட்டதுதான். ஆனாலும் எனக்கு அந்தப் புது வீடுதான் பெரிதாகத் தெரிகிறது. புயல் பார்த்த ஊர்க்காரனுக்கு அப்படித்தான் தோன்றும். இதற்குப் பிறகு வருகிறேன்.

நம் பக்கம் திரும்பினால், தமிழில் கனவுக்குக் கடைசி இருக்கை தருவது அரிது. பெரும்பாலும் முன்னாலேயே உட்காரவைத்துவிடுவார்கள். சிலப்பதிகாரத்தில் முப்பது காதைகள். ஒன்பதாவது 'கனாத்திறம் உரைத்த காதை'. கண்ணகி புகாரை விட்டுக் கிளம்பும் முன்பே, தேவந்தியிடம் தான் கண்ட கனவைச் சொல்கிறாள். அவளும் கோவலனும் கைபிடித்து ஒரு பெரிய ஊருக்குப் போனார்கள், அங்கே அவர்கள்மேல் வீண்பழி விழுந்தது, கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது, அவள் அரசன் முன் நின்று வழக்குரைத்தாள், அந்த ஊருக்கும் கேடு வந்தது. மதுரைக் காண்டத்தின் சாரம் முழுவதும் இதில் இருக்கிறது. அதன்பின் நாம் படிப்பது அந்தக் கனவு ஒவ்வொன்றாக நனவாகிப்போவதைத்தான். நீங்கள் கேட்கிற உத்திக்கு நேர் எதிர். அங்கே நனவு கனவாகிக் கரைகிறது, இங்கே கனவு நனவாகி எரிகிறது. முடிவு முன்பே தெரிந்ததால் சுவை ஏதாவது குறைந்ததா? கவுந்தியடிகளோடு அவர்கள் நடக்கிற ஒவ்வொரு காதமும் அதனால்தான் நெஞ்சை அழுத்துகிறது.

ஆண்டாள் இன்னும் ஒரு படி போகிறாள். 'வாரணமாயிரம்' பதிகத்தில், பலன் சொல்லும் கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் "கனாக் கண்டேன் தோழீ நான்" என்கிறாள். தோரணம் நாட்டினார்கள், கனவு. மத்தளம் கொட்டினார்கள், கனவு. கைத்தலம் பற்றினான், அதுவும் கனவு. ஒளித்து வைத்துக் கடைசியில் அவிழ்க்க அங்கே எதுவுமே இல்லை. மணவறை நிறைய நிறைய, அது கனவு என்ற சொல் மறுபடி மறுபடி வந்து விழுகிறது. அந்தச் சொல்லே தாலாட்டு மாதிரியும் ஒப்பாரி மாதிரியும் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது எனக்கு.

விழித்தெழுவதையே முடிவாக வைத்த பாட்டும் நம்மிடம் உண்டு. குறுந்தொகையின் முப்பதாம் பாட்டு, கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடியது. ஆறே அடி. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: இரவில் அவன் வந்து தழுவியதாக ஒரு கனவு, 'வாய்த்தகைப் பொய்க்கனா', மெய் போலவே இருந்த பொய். மருண்டு எழுந்தேன். எழுந்து, அவன்தான் என்று எண்ணிப் படுக்கையைத் தடவினேன்.

'அமளி தைவந்தனனே.' இந்த இரண்டு சொற்களில் கொஞ்சம் நில்லுங்கள். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் நான் கையை மேசைமேல் வைத்துத் தடவிக் காட்டுவேன். பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். கனவு முடிந்துவிட்டது, ஆனால் கைக்கு அது இன்னும் தெரியவில்லை. கண் விழித்த பிறகும் கை கனவுக்குள்ளேயே இருக்கிறது. வள்ளுவர் 'கனவுநிலை உரைத்தல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதில் 1218-ஆம் குறளில், தூங்கும்போது தோள்மேல் இருந்தவர் விழித்ததும் விரைந்து நெஞ்சுக்குள் போய்விடுகிறார் என்கிறாள் தலைவி. ஓடி ஒளிந்துகொள்ள நெஞ்சு என்ற ஓர் இடம் இருக்கிறது பாருங்கள். விழிப்பு இங்கே எதையும் அழிக்கவில்லை. இருந்ததை இடம் மாற்றி வைக்கிறது, அவ்வளவே.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். குயில் பாட்டு உங்கள் ஊர்ப் பாட்டு. 1908-ல் புதுவைக்கு வந்து 1918 வரை அங்கேயே அடைபட்டிருந்த பாரதி எழுதியது. "செந்தமிழ்த் தென்புதுவை யென்னுந் திருநகரின்" மேற்கே உள்ள மாஞ்சோலையில் நடப்பதாகத் தொடங்குகிறது. கருவடிக்குப்பத்துத் தோப்பை ஊரார் இன்றைக்கும் குயில்தோப்பு என்றுதான் சொல்கிறார்கள். கடைசியில் குயில் பெண்ணாகி, அடுத்த கணம் மறைய, கவிஞர் விழித்துக்கொள்கிறார். சோலை, குயில், காதல் எல்லாம் மாலை அழகின் மயக்கத்தில் தோன்றிய கற்பனையின் சூழ்ச்சி என்று கண்டுகொண்டதாகச் சொல்கிறார். நீங்கள் சொன்னது சரிதான்.

ஆனால் தொடக்கத்துக்குப் போய் மறுபடி படியுங்கள். குயிலின் பாட்டைக் கேட்பதற்கு முன்பே, "பட்டப் பகலிலே பாவலர்க்குத் தோன்றுவதாம் நெட்டைக் கனவின் நிகழ்ச்சியிலே" கண்டேன் என்று சொல்லிவிடுகிறார். மாஞ்சோலைக்குள் நுழையும்போதே கனவு என்ற சீட்டை நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே அழைத்துப் போகிறார். குரங்கிடம் குயில் காதல் பேசும்போதும், மாட்டிடம் அதே வசனத்தைப் பேசும்போதும், அந்தக் குயிலின் முற்பிறப்பான சேர நாட்டுச் சின்னக்குயிலியின் மடியில் இளவரசன் உயிர் விடும்போதும் நமக்கு அது தெரியும். தெரிந்தே மறந்துபோகிறோம். மறக்கவைத்தது அவருடைய வித்தை. கடைசியில் அவர் விழிக்கும்போது, ஆமாம், முதலிலேயே சொன்னாரே என்று நாமும் சேர்ந்து விழிக்கிறோம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அவர் எங்கே விழிக்கிறார் என்பதையும் பாருங்கள். சுற்றிலும் பண்டைச் சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் கூட்டம், பழம்பாய். வெள்ளைக்கார அரசின் கைக்கு எட்டாமல் பிரெஞ்சு ஊரில் வந்து தங்கியிருந்த ஒரு மனிதரின் அறை அது. மாஞ்சோலையிலிருந்து அந்தப் பழம்பாய்க்கு வந்து சேர்வதில் எவ்வளவு பெரிய இறக்கம்! விழிப்பு என்றால் அவருக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த வரிசையில் எழுதுகோலும் இருப்பதை நான் மிகத் தாமதமாகத்தான் கவனித்தேன். கனவு போய்விட்டது, எழுதுகோல் பக்கத்தில் கிடக்கிறது, நம் கையில் பாட்டு இருக்கிறது. அதற்கும் மேல், இதை வேதாந்தமாக விரித்துப் பொருளுரைக்க இடமிருந்தால் சொல்லுங்கள் என்று தமிழ்ப் புலவர்களை அழைத்துவிட்டுப் போகிறார். கதவைச் சாத்தவே இல்லை. உங்கள் நடத்துநர் கதவைத் திறந்து இறக்கிவிட்டதும் பஸ் போய்விடுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழியும் பழையது. வசிட்டர் இராமனுக்குச் சொல்லும் கதைகளில் ஒன்று, தமிழில் ஞானவாசிட்டம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், லவணன் என்ற அரசனுடையது. ஒரு மாயவித்தைக்காரன் சபைக்கு வருகிறான். அரசன் சிறிது நேரம் சிலை போல இருந்துவிட்டு விழிக்கிறான். அந்தச் சிறிது நேரத்துக்குள் அவன் காட்டில் வழிதவறி, ஒரு புலையர் குடியில் மணம் செய்து, பிள்ளைகள் பெற்று, பஞ்சத்தில் பசியால் துடித்து, ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்துவிட்டான். இங்கேயே முடித்திருந்தால் வெறும் மாயை பற்றிய பாடம். ஆனால் அரசன் அந்தக் காட்டைத் தேடிப் போகிறான். அந்தக் குடியிருப்பு அங்கே இருக்கிறது. பஞ்சத்தில் போனவர்களை நினைத்து ஒரு கிழவி அழுதுகொண்டிருக்கிறாள். அவன் கனவில் மாமியாராக இருந்தவள். அந்தக் கிழவியின் அழுகைக்கு அரசன் என்ன பதில் சொல்வான்?

விழித்த பிறகு கையில் ஒரு பூ, தலையணையில் ஒரு மோதிரம் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கிழவியைத்தான் சிறியதாக்கி வைக்கிறார்கள். அந்தப் பூவும் இப்போது வாசகர்களுக்குப் பழகிவிட்டது. உங்கள் கதையில் கடைசியில் அவள் கைப்பையில் இரண்டு டிக்கெட் இருந்ததாக மாற்றலாமா என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். தயவுசெய்து வேண்டாம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தன், சென்னைத் தெருவில் கடவுளை இறக்கி, கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடிக்க வைத்தார். கனவு என்று முடிக்க அதைவிட வசதியான கதை கிடைக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. கடவுள் மறைந்துபோகிறார், பிள்ளையின் பேரேட்டில் அவர் கட்டிய இருபத்தைந்து ரூபாய் சந்தா வரவாகப் பதிவாகிறது. கணக்கில் ஏறிவிட்டதை யார் கனவு என்று தள்ள முடியும்? அதைச் செய்யத் துணிவு வேண்டும்.

துணிவு என்று சொன்னதும் எனக்கு ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் எங்கள் கடலூருக்கும் உங்கள் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரியும் பலாவும் ஒரே நாளில் சாய்ந்தன. அடுத்த ஆண்டு மலருக்கு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கதை கொடுத்தான். இரவெல்லாம் காற்று. விடிந்தால் தோப்பு முழுவதும் படுத்திருக்கிறது. அப்பா ஒரு பேச்சும் பேசாமல் விழுந்த பலா மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார். அவன் பக்கத்தில் போய் நிற்கிறான். அடுத்த வரியில் அம்மா எழுப்புகிறாள். எல்லாம் கனவு, தோப்பு அப்படியே நிற்கிறது.

வழக்கம்போலச் சிவப்பு மையை எடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அவர்கள் தோப்பு உண்மையிலேயே போய்விட்டது, அது எனக்குத் தெரியும். நடந்ததைக் கனவாக்கி, நடக்காததை நனவாக்கி எழுதியிருக்கிறான். அது சோம்பலில் எழுதிய முடிவே இல்லை. அப்பாவின் பக்கத்தில் போய் நின்றவனுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அதனால் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டான்.

அவனை அழைத்து, "கனவு இருக்கட்டும். ஆனால் திருப்பிப் போடு. தோப்பு நிற்பதாகக் கனவு கண்டுவிட்டு, விழித்து வெளியே வா. என்ன தெரிகிறது என்று மட்டும் எழுது" என்றேன். மறுநாள் கொண்டுவந்தான். அதில் ஒரு வரி: "இத்தனை நாள் வராத வெயில் எங்கள் கிணற்றுக்குள் வந்திருந்தது." மரங்கள் கவிந்திருந்தவரை அந்தக் கிணற்றில் வெயில் பட்டதே இல்லை. பதின்மூன்று வயதுப் பையன். நான் ஒரு திருத்தமும் போடாமல் அச்சுக்குக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எங்கே கனவு முடிவைக் கண்டாலும், விழிப்பு வரிக்கு முந்திய வரியைத்தான் முதலில் படிக்கிறேன். எழுதியவர் எதைக் கண்டு திரும்பி ஓடினார் என்பது அங்கே எழுதியிருக்கும்.

உங்கள் கதையிலும் அப்படித்தான் தேடினேன். அப்பா தவளக்குப்பம் வரைக்கும் பென்ஷன் பற்றிப் பேசுகிறார். கிருமாம்பாக்கம் தாண்டும்போது முருங்கைக்காய் விலை கேட்கிறார். எல்லாம் அழகாக இருக்கிறது, உண்மையான அப்பா மாதிரியே பேசுகிறார். கன்னியக்கோயில் நிறுத்தத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்: "கடைசி வாரம் நீ ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை?" அடுத்த வரியில் நடத்துநர் வந்துவிடுகிறார்.

சகோதரி, அந்த நடத்துநர் அவளை எழுப்ப வரவில்லை. பதில் சொல்வதிலிருந்து காப்பாற்ற வந்திருக்கிறார். போட்டி நடுவருக்கு உறுத்தியது கனவு என்ற உத்தி என்று அவரே நினைத்திருக்கலாம். எனக்கு உறுத்தியது கேட்ட கேள்வி காற்றில் நிற்கும்போதே பஸ் நிலையம் வந்துவிட்டதுதான்.

ஆகவே இரண்டு காரியம் செய்து பாருங்கள். முதல் வரியிலேயே அப்பா இறந்துவிட்டார், இது கனவு என்று சொல்லிவிடுங்கள். "அப்பா போன ஆறாம் மாதம், கடலூர் பஸ்ஸில் தூங்கிப்போனேன். அரியாங்குப்பத்தில் அவர் ஏறினார்" என்று தொடங்கினால் போதும். இது கதையைக் கெடுத்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். கடலூர் வந்தால் அவர் இருக்கமாட்டார் என்பது வாசகருக்குத் தெரிந்துவிட்டால், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று நடத்துநர் விசில் கொடுக்கிற ஒவ்வொரு நிறுத்தமும் அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகும். முருங்கைக்காய் விலைப் பேச்சைப் படிக்கும்போதே தொண்டை அடைக்கும். இப்போது அது வெறும் பேச்சாக இருக்கிறது.

இரண்டாவது, அவளைப் பதில் சொல்ல விடுங்கள். பொய்யே சொல்லட்டும், விடுப்பு கிடைக்கவில்லை என்று சொல்லட்டும், அப்பா அதை நம்புவது போலத் தலையாட்டட்டும். அல்லது பயந்துபோனேன் என்று சொல்லட்டும். என்ன சொல்கிறாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கன்னியக்கோயிலிலிருந்து பெண்ணையாற்றுப் பாலம் வரை சாலை இருக்கிறது, சாயங்கால நெரிசலில் பஸ் மெதுவாகத்தான் போகும். அதை எழுதி முடித்த பிறகு நடத்துநர் வரட்டும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.